சினையாட்டுக்கும் பால்குட்டிக்கும் ஜீவசத்தும் தாது உப்பும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரங்களில் மழை பொய்த்து மானாவாரி வெள்ளாமை கைவிட்ட வருஷங்களிலும் குடும்பத்தைத் தாங்கி நிற்பது செம்மறியாடு என்பதை நமது சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரம் வெள்ளை, உடம்பெங்கும் செம்புள்ளி விழுந்து பொட்டாடு என்று பெயர் பெற்ற வேம்பூர் ஆடு, செம்பழுப்பு நிறமுள்ள கீழக்கரிசல் ஆடு ஆகிய மூன்றும் இந்தக் கரிசல் சீமையின் சொந்த இனங்கள். 1985-ல் விருதுநகர் ஜில்லா தனியாகப் பிரியும்வரை இப்பகுதி இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தபடியால் முதல் இனத்திற்கு அந்தப் பெயர் நிலைத்தது. மூன்றும் கம்பளிக்காக வளர்க்கப்படுவன அல்ல. இறைச்சிக்கும் கிடை எருவுக்கும் வளர்க்கப்படுவன. மூன்றும் பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி போடுவன.

இந்த ஒரே குட்டி என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். இரட்டைக் குட்டி போடும் தேசங்களில் ஒன்று செத்தாலும் மற்றொன்று மிஞ்சும். நமக்கோ குட்டி போயிற்றென்றால் அந்த ஆட்டினால் அந்த ஈற்றில் வரவேண்டிய வரவு முழுவதும் போயிற்று. பிறக்கும்போது இரண்டு அல்லது இரண்டரைக் கிலோ எடையுடன் துள்ளி எழுந்து மடியைத் தேடும் குட்டிக்கும், ஒன்றரைக் கிலோ எடையில் கிடந்த இடத்திலேயே தலையைத் தொங்கவிடும் குட்டிக்கும் உள்ள வித்தியாசம் பிறந்த பிறகு ஏற்படுவதன்று. தாய் வயிற்றில் இருந்த கடைசி ஆறு வாரங்களில் அது நிச்சயமாகிவிடுகிறது.

ஆகையால்தான், "சினையாட்டுக்கு எந்த டானிக் வாங்கிக் கொடுக்கலாம்? எந்த ஊசி போடலாம்?" என்ற கேள்வி அங்கத்தினர்களிடமிருந்து அடிக்கடி எழுகிறது. கேள்வி நல்லதே, ஆனால் அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. ஆட்டுக்கு எது குறைகிறது, எப்போது குறைகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே எதை வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டவை வாங்க அவசியமில்லாதவை என்று அப்போது தெரியவரும். வாங்காமலே இருப்பது நல்லது என்று சொல்லத்தக்கதும் ஒன்று உண்டு. அதைப் பின்னால் விவரிப்போம்.

ஐந்து மாதக் கணக்கு

செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். முதல் மூன்றரை மாதத்தில் குட்டிக்கு அங்கங்கள் உண்டாகின்றனவேயன்றி எடை அதிகம் ஏறுவதில்லை. குட்டியின் பிறப்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடைசி ஆறு வாரங்களில் சேருகிறது. மடி பால்கட்டத் தயாராவதும் அப்போதுதான். அதே சமயத்தில் வளரும் குட்டி வயிற்றுக்குள் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆட்டின் இரைப்பை சுருங்கி, முன்போல் வயிறு நிறையத் தின்ன முடிவதில்லை. தேவை உயரும்போது கொள்ளளவு குறைகிறது. காய்ந்த தட்டையையும் சருகையும் மட்டும் மேயும் ஆடு இந்த நெருக்கடியில் தன் உடம்பைக் கரைத்துக் குட்டிக்குக் கொடுக்கும். கரைக்க உடம்பில் ஒன்றுமில்லாதபோது குட்டி மெலியும்.

இந்த ஆறு வாரம் எந்த மாதத்தில் விழுகிறது என்பதே முக்கியமான விஷயம். ஆடி நடுவிலிருந்து ஆவணி முடியக் கிடா சேர்ந்த ஆடுகள் மார்கழி நடுவிலிருந்து தை முடிய ஈனும். அவற்றின் கடைசி ஆறு வாரம் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில் வருகிறது. நமக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக் காற்று. அதன் பின் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் வரப்பிலும் பசும்புல் இருக்கும். மாறாக, தை மாசியில் சினையான ஆடுகள் ஆனி ஆடியில் ஈனும். அவற்றின் கடைசி ஆறு வாரம் வைகாசி, ஆனி. குண்டாற்றில் மணலும் கண்மாயில் வெடிப்பும் தவிர வேறொன்றும் இல்லாத காலம். ஒரே மந்தையில், ஒரே ஆட்டுக்காரரின் பராமரிப்பில், முதல் வகை ஆட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வாங்கிப் போடத் தேவையில்லை. இரண்டாம் வகைக்கோ எல்லாம் தேவைப்படும்.

கிடாவை வருஷம் முழுவதும் மந்தையோடு விட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. கிடாவைப் பிரித்து வைப்பதும், அடிவயிற்றில் கோணி கட்டி விடுவதும் பழைய வழக்கங்களே. ஒரு புட்டி மருந்தின் விலைகூட இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஆயினும் மழைக்கால ஈற்றுக்கும் ஒரு தீங்கு உண்டு. திடீரென்று தழைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேயும் ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும், குடற்புழுவும் பெருகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் துள்ளுமாரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஜீவசத்துக்களில் எது தேவை, எது தேவையில்லை

வைட்டமின் என்ற பெயருக்கு வித்திட்டவர் கஸிமிர் பங்க் என்னும் விஞ்ஞானி, அது 1912-ல். நமது மாகாணத்திலும் நீலகிரியில் குன்னூரில் 1918 முதல் இவ்விஷயமாக ஆராய்ச்சி நடந்தது. அரிசி உணவினரைப் பீடித்த பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையாக அது தொடங்கிற்று. இவையெல்லாம் மனிதனின் ஆகாரத்தைப் பற்றியவை. மனிதனுக்குத் தேவையான எல்லா ஜீவசத்துக்களும் ஆட்டுக்கும் வெளியிலிருந்து கிடைக்க வேண்டும் என்று எண்ணுவதுதான் டானிக் புட்டி விற்பனையின் ஆதாரம். அந்த எண்ணம் தவறு.

அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பை ஒரு பெரிய ஊறல் பானை போன்றது. அதில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கும்போது பி வகை ஜீவசத்துக்கள் யாவற்றையும் கே சத்தையும் தாமே உண்டாக்குகின்றன. சி சத்தை ஆடு தன் ஈரலிலேயே செய்துகொள்கிறது. டி சத்தை வெயில் தோலின்மீது பட்டு உண்டாக்குகிறது. திருச்சுழி வெயிலில் மேயும் ஆட்டுக்கு டி சத்துக் குறைவென்று எவரேனும் சொன்னால் அவரிடம் விலை விசாரிக்காமல் வந்துவிடலாம். மிச்சம் நிற்பவை ஏ, ஈ என்ற இரண்டே.

ஏ சத்து பசுமையிலிருந்து வருவது. இலையின் பச்சைக்குள் மறைந்திருக்கும் கரோட்டீன் என்னும் மஞ்சள் பொருளை ஆட்டின் குடல் ஏ சத்தாக மாற்றி ஈரலில் சேமிக்கிறது. மழைக்காலத்தில் நன்றாய் மேய்ந்த வளர்ந்த ஆடு அந்தச் சேமிப்பைக் கொண்டு கோடையில் சில மாதங்களைக் கழித்துவிடும். தை மாசியில் பசுமை அற்று, ஆனி ஆடியில் ஈனவேண்டிய ஆட்டுக்குச் சேமிப்பு தீரும் சமயமும் ஈற்றுச் சமயமும் ஒன்றாய் வந்து சேருகின்றன. மழையே பொய்த்த வருஷத்தில் சேமிப்பு என்பதே இராது. அப்போது அந்தி மயங்கியபின் பட்டிக்குத் திரும்பும் மந்தையில் சில ஆடுகள் பின்தங்கி, வேலியிலும் கல்லிலும் முட்டிக்கொள்வதைக் காணலாம். இதுவே மாலைக்கண். இவ்வாறான ஆடு குறைமாதத்தில் ஈனுதல், நஞ்சுக்கொடி தங்குதல், கண் தெரியாத அல்லது நிற்க வலுவில்லாத குட்டி போடுதல் ஆகியவற்றுக்கு இடமுண்டு.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்லாமல் விட முடியாது. கோடையில் நமது தரிசுகளிலும் கண்மாய்களிலும் பசுமைக்குப் பஞ்சமே இல்லை. எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல் தழைத்து நிற்கிறது. ஆனால் அதன் இலையை ஆடு வாயால் தொடுவதில்லை. காயைத் தின்னும், அதில் இனிப்பும் ஓரளவு புரதமும் உண்டு. பச்சை நெற்றுக் காய்ந்து மஞ்சளான பிறகு கரோட்டீனுக்காக அதை நம்ப முடியாது. பச்சைக் காட்டின் நடுவே பசுமைச் சத்தில்லாமல் ஆடு தவிக்கிறது.

25 கிலோ எடையுள்ள நிறைசினை ஆட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டிய கரோட்டீன் சுமார் 3 மில்லிகிராமே. கால் கிலோ பசுந்தழை அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். வேம்பு, வாகை, பூவரசு, அகத்தி, கல்யாண முருங்கை ஆகியவற்றின் தழை எதுவானாலும் சரி. கிணற்றடியில் ஐந்து சென்ட் இடமுள்ளவர் வேலிமசால் விதைத்து வைத்தால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும். சவுண்டல் தழையும் நல்லதே. ஆனால் அதிலுள்ள ஒரு நஞ்சு ரோமத்தை உதிர்ப்பதுடன் பிறக்கும் குட்டிக்குக் கழுத்துக் கழலையையும் உண்டாக்கும். ஆகையால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக்கூடாது. தழையைக் காயவைத்துச் சேமிப்பவர்கள் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்து வெளுத்த இலையில் கரோட்டீன் இராது. பச்சை மங்காத உலர்தழையே பயன்படும்.

பசுந்தழைக்கு வழியே இல்லாத பஞ்ச காலத்தில் மட்டும், ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் கால்நடை மருத்துவரைக் கொண்டு ஏ சத்தை ஊசியாகவோ வாய்வழியாகவோ கொடுப்பது நியாயமான செலவாகும். ஈரலில் சேர்ந்துவிடும் சத்தாதலால் ஒரு முறை கொடுப்பது பல வாரத்துக்குப் போதும். தினந்தோறும் புகட்டுவது வீண்.

ஈ சத்தும் பசுமையில் உள்ளதே. அதனோடு சேர்ந்து வேலை செய்வது செலீனியம் என்னும் தாது. 1957-ல் கிளாஸ் ஷ்வார்ட்ஸ், ஃபோல்ட்ஸ் என்ற இருவர் செலீனியம் உடலுக்கு அவசியமென்று கண்டறிந்தனர். அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யத்தில், குட்டிகளின் சதை வெளுத்து விறைத்துச் சாகும் நோய் தாயாட்டுக்குச் சிறிது செலீனியம் கொடுப்பதால் தடைபடுவதைக் காட்டினர். ஆனால் தேவையான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நமது ஊரிலும் இந்தக் குறை இருக்கும் என்று தாமாகவே தீர்மானித்து ஊசி போடுவது அபாயம். குட்டிகள் விறைத்து நடந்தாலோ, ஓடும்போது திடீரென விழுந்து செத்தாலோ, செத்த குட்டியை மருத்துவரிடம் காட்டிக் காரணம் தெரிந்துகொண்ட பிறகே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தாது உப்புக்கள்

தாது உப்புக் குறைவென்பது மண்ணின் குறைவு. மண்ணில் இல்லாதது புல்லில் இராது. புல்லில் இல்லாதது தாயிடம் இராது. தாயிடம் இல்லாததைக் குட்டி எங்கே பெறும்? இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய இடம் ஆஸ்திரேலியா. அங்கே சில பகுதிகளில் முழங்கால் அளவு புல்லின் நடுவே ஆடுகள் பட்டினி கிடந்தவைபோல் மெலிந்து மடிந்தன. கோபால்ட் என்னும் தாது அணுவளவு குறைந்ததே காரணமென்று 1935-ல் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். எதற்காக அது வேண்டும் என்பது 1948-ல் பி12 ஜீவசத்தைப் பிரித்தெடுத்த பின்பே விளங்கிற்று. அச்சத்தின் நடுவில் இருப்பது கோபால்ட். இரைப்பையின் நுண்ணுயிர்கள் பி12 செய்யத் தயார்தான். கோபால்ட் இல்லாவிட்டால் அவற்றால் செய்ய முடியாது. முன் சொன்ன ஊறல் பானைக்கு நாம் கொடுக்க வேண்டியது ஜீவசத்து அல்ல, அதைச் செய்யும் மூலப்பொருள்.

மற்றொரு விஷயம் மேற்கு ஆஸ்திரேலியாவில் 1937-ல் வெளியாயிற்று. அங்கே சில மந்தைகளில் குட்டிகள் பிறக்கும்போதோ பிறந்த சில வாரத்திலோ பின்னங்கால் தள்ளாடி விழுந்து இறந்தன. பென்னட்ஸ், சாப்மன் என்ற இருவர், தாயாட்டுக்குச் செம்புச் சத்து குறைந்ததால் கருவிலேயே குட்டியின் நரம்பு கெட்டுவிடுகிறது என்று நிரூபித்தனர். தாய்க்குச் சினைக்காலத்தில் செம்பு கொடுத்தால் நோய் வருவதில்லை. தள்ளாடும் குட்டிக்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் கெட்ட நரம்பு திரும்புவதில்லை. பிறக்காத குட்டிக்கு மருந்து தாயின் தீனித்தொட்டியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இதைப் படித்துவிட்டு யாரும் செம்பு வாங்கப் புறப்பட வேண்டாம். நாம் முன்னே குறிப்பிட்ட அபாயம் இங்கேதான் இருக்கிறது. வீட்டுப் பிராணிகளில் செம்பு விஷத்துக்கு மிக எளிதில் இரையாவது செம்மறியாடு. மாடு ஒரு கிலோ உலர்தீனியில் 40 மில்லிகிராம் வரை செம்பைத் தாங்கும், செம்மறியாடு 15 மில்லிகிராம் வரையே தாங்கும் என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2005-ல் வெளியிட்ட கணக்கு. மிச்சமான செம்பை மாடு கழித்துவிடுகிறது. செம்மறியாடு ஈரலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரு குறியும் தெரியாது. பிறகு ஒருநாள் நெடுநடை, பட்டினி, லாரிப் பயணம் என்று ஏதேனும் சிரமம் நேரும்போது ஈரல் அத்தனையையும் இரத்தத்தில் கொட்டிவிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் சிவந்து கறுக்கும். ஓரிரண்டு நாளில் ஆடு சாகும். சினையாடானால் இரண்டு உயிர்.

ஆகவே மாட்டுக்கென்று விற்கும் தாது உப்புக் கலவையையும் மாட்டுத் தீவனத்தையும் செம்மறியாட்டுக்குத் தொடர்ந்து போடலாகாது. ஒருநாள் ஆடு பசுவின் தொட்டியில் வாய் வைத்ததற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நாட்கணக்காய்ப் பழக்கிவிடுவதே தவறு. குறிப்பாக, விற்பனைக்காகக் கொட்டிலில் கட்டிக் கொழுக்க வைக்கும் கிடாய்க்குட்டிக்கு மாட்டுத் தீவனத்தையே முழு ஆகாரமாக்குவோர் கவனிக்க வேண்டும். முற்காலத்தில் குடற்புழுவுக்கு மயில்துத்தக் கரைசல் புகட்டும் வழக்கம் இருந்தது. மயில்துத்தம் செம்பே, இப்போது பத்திரமான மருந்துகள் இருக்கையில் அதை விட்டுவிடலாம். குளம்புப் புண்ணுக்கு அதைக் கரைத்து வைப்பவர்கள் ஆடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிளகாய்த் தோட்டங்களில் பூஞ்சணத்துக்குத் தெளிக்கும் மருந்துகளிலும் செம்பு உண்டு. தெளித்து அதிக நாள் ஆகாத தோட்டத்தில் கடைசிப் பறிப்பு முடிந்ததென்று மந்தையை இறக்கிவிடுவது உசிதமன்று.

மற்ற தாதுக்களைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். மரத்தழையிலும் உடை, கருவேல் நெற்றுக்களிலும் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவில்லை. கோடையில் குறைவது பெரும்பாலும் பாஸ்பரஸ். காய்ந்த புல்லில் அது மிகக் குறைவு. எலும்பைக் கடிப்பது, மண்ணையும் துணியையும் மெல்லுவது ஆகியவை இதன் அடையாளமாகலாம். பசியாலும் புழுவாலும் அவ்வாறு செய்வதுண்டு. பாஸ்பரஸுக்குத் தவிடும் பிண்ணாக்குமே போதுமான மருந்து. ஆனால் கிடாய்க்குட்டிகளுக்குத் தவிடு மட்டும் மிகுதியாய்ப் போட்டால் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிறுநீர் வழியில் கல் அடைத்துக்கொள்ளும். அயோடினுக்கு வீட்டுச் சமையலுக்கு வாங்கும் அயோடின் உப்பே ஆட்டுக்கும் ஆகும்.

உப்புக் கட்டி தொங்கவிட்டு ஆடு நக்கட்டும் என்று விடுவதில் நமது சீமையில் ஒரு சிக்கல் உண்டு. உவர்நீர்க் கிணற்றிலும் உவர் ஊருணியிலும் நீர் குடிக்கும் ஆடு தண்ணீரிலேயே உப்பைப் பெற்றுவிடுவதால் கட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கட்டியில் சேர்த்திருக்கும் மற்றத் தாதுக்களும் அதற்குப் போய்ச் சேருவதில்லை. அத்தகைய ஊர்களில் தாது உப்பைத் தீனியோடு கலந்து கொடுப்பதே வழி.

தீனி

ஜீவசத்தும் தாது உப்பும் வெறும் வயிற்றுக்கு உதவா. பசியால் வாடும் சினையாட்டுக்கு டானிக் கொடுப்பது, நெல் இல்லாத வீட்டுக்கு உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டு போவது போன்றது. கடைசி ஆறு வாரம் மேய்ச்சலோடு கூட ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 200 முதல் 250 கிராம் வரை அடர்தீனி வேண்டும். 100 கிலோ கலக்குவதற்கு, இடித்த கம்பு அல்லது சோளம் 40 கிலோ, கடலை அல்லது எள்ளுப் பிண்ணாக்கு 25 கிலோ, தவிடு 32 கிலோ, செம்மறியாட்டுக்கென்று தயாரித்த தாது உப்புக் கலவை 2 கிலோ, உப்பு 1 கிலோ என்பது ஒரு நல்ல அளவு. ஆடொன்றுக்கு 200 கிராம் கொடுத்தால் அதில் 4 கிராம் தாதுக் கலவை சேர்ந்துவிடும். திடீரென முழு அளவும் போடாமல் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். தானியம் ஒரேயடியாய் உள்ளே போனால் இரைப்பை புளித்து ஆடு படுத்துவிடும்.

கம்பு விலை கட்டாதவர்கள் அதில் ஒரு பங்குக்கு நெற்றுக்களைச் சேர்க்கலாம். பங்குனி சித்திரையில் துரட்டிக் கம்பால் உலுக்கி விழும் உடை நெற்று, கருவேல நெற்று, சீமைக் கருவேல நெற்று ஆகியவற்றை நன்றாய் உலர்த்தி மூட்டை கட்டி வைத்தால் வைகாசி ஆனிக்கு உதவும். சீமைக் கருவேலை முழுதாய்ப் போடாமல் இடித்துப் போட வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள். இடிக்காத விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும். அதனால் கிடை அமர்த்திய வயலில் அடுத்த மழைக்குச் சீமைக் கருவேல் முளைக்கும். கிடைக்குக் கூலி கொடுத்த சம்சாரி அதைப் பிடுங்கவும் கூலி கொடுக்க நேர்கிறது. விதையிலுள்ள புரதமும் ஆட்டுக்குச் சேராமல் போகிறது.

இவ்வளவையும் மந்தை முழுவதற்கும் போட எவராலும் முடியாது, போடவும் வேண்டாம். மடி இறங்கத் தொடங்கிய ஆடுகளுக்கு ஒரு வர்ண அடையாளமிட்டு, மாலையில் அவற்றை மட்டும் தனிப்பட்டியில் அடைத்துத் தீனி வைத்தால் போதும். அந்த ஆடுகளை நெடுந்தூரம் ஓட்டாமலிருப்பதும் தீனிக்குச் சமம். அறுவடைக்குப் பின் தஞ்சைச் சீமை வரை கிடை நடத்திச் செல்லும் கீதாரிகள், ஈற்று நெருங்கிய ஆடுகளை ஊரில் நிறுத்திவிட்டோ, வண்டியில் ஏற்றினாலும் வழியில் தீனி தண்ணீர் காட்டியோ செல்ல வேண்டும். ஒருநாள் முழுப் பட்டினியும் நெடுநடையும் நிறைசினை ஆட்டை மயங்கி விழச் செய்யும். ஆடு மந்தையை விட்டுத் தனியே நின்று, பல்லைக் கடித்து, கண் தெரியாததுபோல் தடுமாறினால் வெல்லத் தண்ணீர் புகட்டிவிட்டுக் காத்திருக்கலாகாது; உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

குடற்புழு மருந்தை ஈற்றுக்கு முன் கொடுப்பது நல்லது. புழு தின்றது போக மிச்சமே ஆட்டுக்குக் கிடைக்கிறது. ஆனால் ஆல்பெண்டசோல் என்ற மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் குட்டி அங்கவீனமாகும். மருத்துவரிடம் சினைக்கணக்கைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும்.

சீம்பால்

தாயின் ஏ, ஈ சத்துக்களில் மிகச் சொற்பமே நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குச் செல்லுகிறது. ஆகவே நல்ல தாய்க்குப் பிறந்த குட்டியும் இவ்விரண்டிலும் ஏழையாகவே பிறக்கிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் அவ்வாறே. இவை யாவும் சீம்பாலில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆறு வாரமாகத் தாய்க்குப் போட்ட தழையும் தவிடும் தாது உப்பும் அந்த மஞ்சள் பாலில்தான் இறங்கியிருக்கின்றன. அதைக் குட்டி குடிக்காமல் போனால் முன் செய்த செலவெல்லாம் தரையில் ஊற்றியதாகும்.

குட்டி பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். கிலோவுக்கு 50 மில்லிலிட்டர் வீதம் 2 கிலோ குட்டிக்கு 100 மில்லிலிட்டர். முதல் நாள் முழுவதும் சேர்ந்து 400 மில்லிலிட்டர். நேரம் ஆக ஆகக் குட்டியின் குடல் சீம்பாலின் காவற்பொருளை முழுதாய் உள்ளே விடும் வழியை அடைத்துக்கொண்டே வரும். ஒரு நாள் சென்றால் அவ்வழி ஏறக்குறைய மூடிவிடும். முதற்பாலைத் தரையில் பீச்சிவிடுவது, நஞ்சு விழும்வரை குட்டியை மடியண்டை விடாதிருப்பது ஆகிய வழக்கங்கள் இன்னும் சில வீடுகளில் உண்டு. இவற்றால் சாகும் குட்டிகளை வேறு ஏதோ நோயின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். மடிக்காம்பின் நுனியில் அடைத்திருக்கும் பிசினை எடுக்க ஒரு சொட்டுப் பீச்சுவது மட்டும் அவசியம். தாய் இறந்தாலோ பால் இல்லாவிட்டாலோ அன்று ஈன்ற வேறோர் ஆட்டின் சீம்பால், வெள்ளாட்டினுடையதாயினும், உடல் சூட்டளவில் புகட்டலாம்.

கிடைமந்தைகளில் தாய் மேயப்போகும்போது குட்டிகளைப் பட்டியில் விட்டுச் செல்வது வழக்கம். முதல் ஒரு வாரமாவது நண்பகலில் ஒருமுறை தாயைக் கொணர்ந்து ஊட்டவைக்க வேண்டும். இரண்டாம் வாரம் முதல் குட்டியின் வாய்க்கெட்டும் உயரத்தில் இளந்தழைக் கொத்துக் கட்டித் தொங்கவிட்டால் அது கடித்துப் பழகும். அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு அது உதவும். அவை பெருகும்வரை பி வகைச் சத்துக்குத் தாய்ப்பாலே கதி. சிறு அளவில் அடர்தீனியும் மெல்ல ஆரம்பித்து, மூன்றாம் மாத முடிவில் பால் மறக்கச் செய்யலாம்.

சங்கம் செய்யக்கூடியது

பத்து ஆடு வைத்திருப்பவர் செம்மறியாட்டுக்குரிய தாதுக் கலவையைத் தேடிக் கடைக்குப் போனால் மாட்டுக் கலவையையே கொடுத்தனுப்புவார்கள். அதுவே விற்பனையாகும் சரக்கு. சங்கம் மொத்தமாகக் கேட்டால் ஆட்டுக்குரியது கிடைக்கும். பையின்மீது எந்தப் பிராணிக்கு என்று அச்சிட்டிருப்பதைக் காரியதரிசி படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விவரம் வேண்டுவோர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இராஜபாளையம் பயிற்சி ஆராய்ச்சி மையத்தையும், வேலிமசால், கொழுக்கட்டைப் புல் முதலிய தீவனப் பயிர்களைப் பற்றி அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தையும் கேட்டறியலாம்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் கிடா சேர்ந்த மாதத்தைச் சங்கப் புத்தகத்தில் குறித்து வைத்தால், எத்தனை ஆடு எந்த மாதம் ஈனும் என்பது ஐந்து மாதம் முன்னதாகவே தெரியும். ஆனி ஆடி ஈற்று ஐம்பது என்று தெரிந்தால் ஆடொன்றுக்கு நாள் 4 கிராம் வீதம் ஆறு வாரத்துக்கு எட்டரைக் கிலோ கலவை. சித்திரை முடிவதற்குள் 10 கிலோ வாங்கி வைத்தால் போதும். அதற்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். ஜீவசத்து கலந்த பொடி பழகப் பழக வீரியம் குறையும். மழையீரம் பட்டால் கட்டிப்படும். பையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, பிரித்த வாயை இறுகக் கட்டி, மாட்டுக் கலவைப் பையிலிருந்து விலக்கி அடுக்குவது நல்லது.